மே மாத அளவீடுகளை நீக்கச் சொல்கிறார்கள்: ஆய்வகத்தில் அரசின் எல்லை எது?

கேள்வி:

அம்மா, நான் வேதியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவள். மத்திய அரசின் ஆய்வகம் ஒன்றில் ஒப்பந்த அடிப்படையில் புராஜெக்ட் அசோசியேட்டாகப் பணிபுரிகிறேன். சேலம் நகரத்துக்கும் சேர்வராயன் மலையடிவாரத்துக்கும் இடைப்பட்ட வெள்ளைக்கல் (மாக்னசைட்) சுரங்கப் பகுதியின் நிலத்தடி நீரை ஆராயும் திட்டம் எங்களுடையது. நிதி தருவது ஒரு மத்திய அமைச்சகம். மே மாத நடுவில் எடுத்த மாதிரிகளில், சில போர்வெல்களில் குரோமியம் குடிநீர் வரம்பைத் தாண்டியிருந்தது. இடைக்கால அறிக்கையைப் பார்த்த அமைச்சக அதிகாரி மழைக்குப் பிறகு மறுபடியும் எடுக்கச் சொன்னார். செப்டம்பர் கடைசியில் எடுத்த மாதிரிகளில் அளவு வரம்புக்குள் வந்துவிட்டது. இப்போது இறுதி அறிக்கையில் மே மாத எண்களை விலகல் மதிப்புகள் என்று சொல்லி நீக்கிவிடும்படி திட்டத் தலைவர் வாய்மொழியாகக் கூறுகிறார். பணம் தருபவர்கள் கேட்பதைக் கொடுப்பதுதான் நம் வேலை என்கிறார். அரசு ஆய்வகத்தை அரசு கண்காணிப்பது நியாயம்தானே என்று எனக்கும் தோன்றுகிறது; ஆனால் அந்தக் கிணறுகளில் ஒன்று என் பெரியம்மா வீட்டுத் தெருவில் இருக்கிறது. இப்படிச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டா? மறுத்தால் எனக்கு அனுபவச் சான்றிதழ்கூடக் கிடைக்காமல் போகலாம். பத்திரிகைக்குச் சொல்வதா, பேசாமல் இருந்துவிடுவதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம் மாவட்டம்

பதில் அளிப்பவர், மத்திய அரசு ஆய்வகம் ஒன்றில் பகுப்பாய்வு வேதியியல், தர உறுதி ஆகிய பிரிவுகளில் பணியாற்றி ஓய்வுபெற்று, ஏற்காட்டில் வசிக்கும் விஞ்ஞானி.

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக்கொண்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். அரசு நடத்தும் ஆய்வகத்தை அரசு கண்காணிக்கலாமா என்பது முதல் கேள்வி. அந்தக் கண்காணிப்பின் பெயரால், அளந்து எழுதிய எண்ணை மாற்றவோ மறைக்கவோ சொல்லலாமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு என் பதில், தாராளமாகக் கண்காணிக்கலாம் என்பதே. இரண்டாவதற்கு, கூடாது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. உங்கள் திட்டத் தலைவருக்கோ, ஆய்வக இயக்குநருக்கோ, அமைச்சகச் செயலருக்கோ, அமைச்சருக்கோகூட அந்த அதிகாரத்தை எந்த விதியும் வழங்கவில்லை.

அரசின் உரிமையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இளம் ஆய்வாளர்கள் பலர் கண்காணிப்பு முழுவதையும் தலையீடு என்றே எண்ணிவிடுகிறார்கள். 1942-இல் தொடங்கப்பட்ட சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம்), 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான தன்னாட்சி அமைப்பு. ஆனாலும் பதவிவழியில் அதன் தலைவர் பிரதமர்தான், அதன் செலவில் பெரும்பகுதி நாடாளுமன்றம் ஒதுக்கும் பணம்தான். இங்கே ஏற்காட்டில் 1963 முதல் இயங்கிவரும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்தை நடத்தும் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனமோ நேரடியாகவே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. இப்படிப்பட்ட நிறுவனங்களின் கணக்கைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் தணிக்கை செய்கிறார். நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவும் அறிவியல் துறைக்கான நிலைக்குழுவும் கேள்வி கேட்கின்றன. எந்தப் பிரச்சினையை ஆராய வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும், எவ்வளவு பணம் தருவது என்று முடிவு செய்வதும், வெளி நிபுணர்களை அழைத்து அறிக்கையைச் சோதிக்கச் சொல்வதும், திட்டத்தையே நிறுத்துவதும் அமைச்சகத்தின் உரிமைக்குள் அடங்கியவை. மழைக்குப் பிறகு மறுபடி மாதிரி எடுக்கச் சொன்ன அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன். அது நல்ல கேள்வி. நீங்களே திட்டமிட்டிருக்க வேண்டிய வேலையும்கூட.

விஞ்ஞானிகளைக் கண்காணிக்காமல் விட்டுவிட முடியாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2010 பிப்ரவரியில் பி.டி. கத்தரிக்காய்க்குத் தடை அறிவித்த அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், மரபணு மாற்றுப் பயிர்கள் குறித்து நாட்டின் ஆறு அறிவியல் கழகங்களிடம் கருத்துக் கேட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த அறிக்கையில் வேறோர் இடத்தில் ஏற்கெனவே வெளிவந்த பத்திகள் அப்படியே எடுத்தாளப்பட்டிருந்தது தெரியவந்தது. அமைச்சர் அதை வெளிப்படையாகவே ஏற்க மறுத்தார். டிசம்பரில் கழகங்கள் திருத்திய அறிக்கையை அளிக்க நேர்ந்தது. அறிவியல் பெருமக்கள் கையொப்பமிட்டுவிட்டார்கள் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளாத ஓர் அரசு இருந்ததால்தான் அந்தத் தவறு திருத்தப்பட்டது. எனவே, உங்கள் திட்டத் தலைவரிடம் பேசும்போது, அரசுக்கு இதில் என்ன வேலை என்ற தொனியில் தொடங்காதீர்கள். அது நியாயமும் ஆகாது, உங்களுக்கு உதவியும் செய்யாது.

இனி எல்லைக்கு வருகிறேன். கேள்வி அரசுடையது, பணம் அரசுடையது, அறிக்கையைப் படித்துவிட்டு என்ன நடவடிக்கை எடுப்பது என்ற முடிவும் அரசுடையது. இடையில் இருக்கும் ஒன்று மட்டும், அதாவது கருவி காட்டிய அளவும் அது பதிவேட்டில் ஏறிய விதமும், யாருடைய ஆணைக்கும் உட்பட்டதன்று. அமெரிக்க அரசு 2000 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு முறைகேடு குறித்த கொள்கை, தரவைத் திரிப்பதற்குச் சொன்ன வரையறையில், ஆய்வு உண்மையில் காட்டியதைச் சரியாகப் பிரதிபலிக்காத வகையில் முடிவுகளை விட்டுவிடுவதையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2019-இல் ஆய்வு நேர்மைக்கான கொள்கையையும், சிஎஸ்ஐஆர் 2020-இல் ஆய்விலும் நிர்வாகத்திலும் அறநெறிக்கான வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டன. இல்லாத தரவை உருவாக்குவது, இருக்கும் தரவைத் திரிப்பது, பிறர் எழுத்தைத் திருடுவது ஆகிய மூன்றும் முறைகேடு என்பதில் இவற்றுக்கிடையே கருத்து வேறுபாடு கிடையாது. உங்கள் ஆய்வகம் எந்த அமைப்பின் கீழ் வருகிறதோ அதன் நெறிமுறை ஆவணத்தைத் தேடி எடுத்து, முழுமையாகப் படித்து, அதன் பத்தி எண்ணோடு பேசுங்கள்.

பணம் தருபவர்கள் கேட்பதைக் கொடுப்பதுதான் நம் வேலை என்று உங்கள் திட்டத் தலைவர் சொன்னாரல்லவா? ஏறத்தாழ இதே வாதத்தை எழுபது ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைச்சரே வைத்திருக்கிறார். அமெரிக்காவின் தேசிய தரநிர்ணய நிறுவனம், கார் பேட்டரியின் ஆயுளை நீட்டிக்கும் என்று விற்கப்பட்ட ஏடி-எக்ஸ்2 என்ற தூளைச் சோதித்து, அதனால் பயனேதும் இல்லை என்று கூறியது. சோடியம் சல்பேட்டும் மக்னீசியம் சல்பேட்டும்தான் அதில் பெரும்பகுதி. வாங்கியவர்களில் பலர் திருப்தியாக இருக்கிறார்கள், சந்தை ஏற்றுக்கொண்ட பொருளை ஆய்வகம் எப்படி மறுக்கலாம் என்று வணிகத்துறை அமைச்சர் சின்க்ளேர் வீக்ஸ் கேட்டார். 1953 மார்ச்சில் நிறுவன இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகச் செய்தார். நாடு முழுவதும் விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள். நிறுவனத்தின் ஊழியர்கள் பலர் தாங்களும் விலகத் தயாரானார்கள். ஆஸ்டின் பதவியில் நீடிக்க அனுமதிக்கப்பட்டார். தேசிய அறிவியல் கழகம் அமைத்த குழு, நிறுவனத்தின் சோதனை முறை சரியானதே என்று அதே ஆண்டில் அறிக்கை தந்தது. இதில் நான் முக்கியமாகக் கருதுவது, வாதம் எந்தத் தளத்தில் தீர்க்கப்பட்டது என்பதைத்தான். அந்தத் தூளை விற்கலாமா கூடாதா என்பதை அரசின் மற்ற அமைப்புகள் தங்கள் சட்டப்படி தீர்மானிக்கலாம். ஆனால் சோதனை சரியா தவறா என்ற கேள்விக்கு, சோதனையை மறுபடி ஆராய்வது ஒன்றே விடையாக ஏற்கப்பட்டது. உங்கள் அமைச்சகத்துக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. மே மாத எண்கள் மேல் ஐயம் இருந்தால், வேறோர் ஆய்வகத்தைக் கொண்டு உங்கள் முறையைச் சோதிக்கட்டும்.

அப்படிச் சோதிக்கும்போது என்ன பார்ப்பார்கள் என்பதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் பலமும் பலவீனமும் இங்கேதான் இருக்கின்றன. ஓர் அளவீட்டை நீக்குவதற்கு அறிவியலில் இடமுண்டு. ஒப்பிடுவதற்காகத் தூய நீரை மட்டும் கொண்டு தயாரிக்கும் வெற்று மாதிரியிலேயே குரோமியம் தென்பட்டிருந்தால், பாட்டிலோ அமிலமோ மாசடைந்திருக்கிறது. ஒரே கிணற்றில் எடுத்த இரட்டை மாதிரிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டாலும், அளவு முன்பே தெரிந்த, சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளை வைத்தபோது உலோகங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி சரியான அளவைக் காட்டாவிட்டாலும், அன்றைய அளவீடுகளை நம்ப முடியாது. களத்தில் 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டாமல் கலங்கல் நீரை நேரே நைட்ரிக் அமிலமிட்டிருந்தால், மண்துகளோடு ஒட்டியிருந்த குரோமியமும் கரைந்து எண்ணில் சேர்ந்திருக்கும். நேர்மின், எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகை ஐந்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அந்த மாதிரியின் முழுப் பகுப்பாய்வையும் மீண்டும் பார்க்க வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்று மே மாதம் நேர்ந்திருந்தால் உங்கள் திட்டத் தலைவர் சொல்வது சரியாக இருக்கலாம். அப்போதும் எந்தக் கிணறு, எந்தக் காரணம் என்று அறிக்கையில் எழுதித்தான் நீக்க வேண்டும், செப்டம்பர் மாதிரிகளையும் அதே சல்லடையில் சலிக்க வேண்டும். உங்களுக்குச் சாதகமான பதில் வரும் என்று முன்கூட்டியே நம்பிக்கொள்ளாமல் இந்தச் சோதனையை நீங்களே முதலில் செய்து பாருங்கள்.

பிறகு எடுத்த மாதிரியில் அளவு குறைந்தது என்பது இந்தக் காரணங்களில் எதிலும் சேராது. நம் பகுதியின் வெள்ளைக்கல், டியூனைட் போன்ற பாறைகள் சிதைந்து உண்டானது. அந்தப் பாறையோடு குரோமியம் அடங்கிய குரோமைட் கனிமமும் சேர்ந்தே கிடக்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கி, தண்ணீர் நெடுநாள் பாறையோடு ஒட்டி நிற்கும்போது கரைந்த பொருள்களின் அளவு ஏறுவதும், ஆகஸ்ட், செப்டம்பர் மழை இறங்கியதும் அது நீர்த்துப்போவதும் எதிர்பார்க்கக்கூடியவையே. மே மாதத்தின் உயர்ந்த எண்ணும் செப்டம்பரின் தாழ்ந்த எண்ணும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். அப்படியானால் பருவத்துக்குப் பருவம் அளவு மாறுகிறது என்பதே உங்கள் ஆய்வின் மிக முக்கியமான முடிவு. அந்தத் தெருவில் இருப்பவர்கள் மே மாதமும் தண்ணீர் குடிக்கிறார்கள். இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500:2012 மொத்த குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்று வரம்பிட்டு, அதற்குமேல் தளர்வு கிடையாது என்றும் சொல்கிறது. மாற்று நீராதாரம் இல்லாத இடங்களில் மக்னீசியத்துக்கு 30 மில்லிகிராமிலிருந்து 100 வரை தளர்வு தரும் அதே தரநிலை, குரோமியத்துக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். அமைச்சக அதிகாரியின் மனத்தில், இது சுரங்கத்தால் வந்ததா, இயற்கையாகவே பாறையிலிருந்து வந்ததா என்று தெரியாமல் மக்களைப் பயமுறுத்திவிடக் கூடாதே என்ற கவலை இருக்கலாம். அது தள்ளிவிடக்கூடிய கவலை அன்று. குரோமியம் மூன்று இணைதிறன் நிலையில் இருந்தால் ஆபத்து குறைவு. ஆறு இணைதிறன் நிலையில் இருந்தால் அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். மொத்த குரோமியத்தை மட்டும் அளந்த உங்கள் எண், இரண்டையும் பிரித்துக் காட்டாது. அதற்கு அமிலமிடாத தனி மாதிரியைக் குளிரில் வைத்துக் கொண்டுவந்து, டைஃபினைல் கார்பசைடு முறையிலோ அயனி நிறப்பகுப்பு முறையிலோ உடனடியாக அளக்க வேண்டும். எனவே, அந்தக் கவலைக்கு உரிய பதில், அடுத்த கோடையில் இப்பிரிப்பை அளக்க நிதி கேட்பதும், மூலம் எது என்று இந்த ஆய்வில் தீர்மானிக்கப்படவில்லை என்று அறிக்கையில் தெளிவாக எழுதுவதும்தான். விளக்கத்தைப் பற்றி அதிகாரி எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடட்டும். ஒரு வாக்கியத்தை மென்மையாக்கச் சொன்னால் அதையும் பரிசீலியுங்கள். அட்டவணையில் கை வைக்கும்போது மட்டும் நில்லுங்கள்.

எண்ணை மாற்றாமலேயே மறைத்துவிடும் வழியும் உண்டு என்பதால், அதையும் சொல்லியாக வேண்டும். 2022 டிசம்பர் 27-க்கும் 2023 ஜனவரி 8-க்கும் இடையில் உத்தராகண்டின் ஜோஷிமட் நகரம் 5.4 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது என்பதை இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வெளியிட்டது. ஜனவரி 13 அன்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், ஜோஷிமட் பற்றிய தகவல்களை ஊடகங்களுக்குத் தரவோ சமூக ஊடகங்களில் பகிரவோ வேண்டாம் என்று ஆய்வு நிறுவனங்களுக்கு எழுதியது. அந்த அறிக்கையும் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. மக்களிடையே குழப்பம் ஏற்படுகிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். பல தேசிய நிறுவனங்கள் அங்கே சென்று எழுதிய அறிக்கைகள், அவற்றை மறைத்துவைக்கக் காரணம் எதையும் காணவில்லை என்று உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு, 2023 செப்டம்பரில்தான் வெளிவந்தன. பேரிடர் நேரத்தில் ஒரே வாயால் பேச வேண்டும் என்ற எண்ணத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால், சுவரில் விரிசல் விழுந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர், தன் காலடி நிலம் எவ்வளவு தாழ்ந்தது என்பதை அறிய மாதக்கணக்கில் காத்திருக்க நேர்வதை எந்த நிர்வாக வசதியாலும் நியாயப்படுத்த முடியாது. மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலை நிபுணர் குழு 2011-இல் தந்த அறிக்கைக்கும் இதே கதிதான் நேர்ந்தது. அமைச்சகம் அதை வெளியிடாமல் வைத்திருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவர் கேட்டார். 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் வெளியிடச் சொன்னது. அமைச்சகம் தில்லி உயர்நீதிமன்றம் வரை சென்று, மே மாதம் அங்கும் தோற்ற பிறகே வெளியிட்டது. கொள்கை முடிவு எடுக்கப்படவில்லை என்பது நிபுணர் அறிக்கையை மறைக்கக் காரணமாகாது என்பதை நான் அந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் கையில் இருக்கும் பாதுகாப்பு, பதிவேடுதான். ஏற்காட்டுத் தோட்டத்தை நடத்தும் நிறுவனத்தைப் போன்ற தாவரவியல் நிறுவனங்களின் உலர்தாவரச் சேகரிப்பில் ஒரு வழக்கம் உண்டு. முன்னொருவர் ஒரு செடிக்குத் தவறான பெயரை எழுதியிருந்தால், அடுத்து வருபவர் அந்தச் சீட்டைக் கிழிப்பதில்லை. சரியான பெயரையும் தன் பெயரையும் ஆண்டையும் எழுதிய புதிய சீட்டைப் பக்கத்தில் ஒட்டுகிறார். யார், எப்போது, என்ன நினைத்தார் என்பது முழுவதும் அந்தத் தாளிலேயே நிற்கிறது. வேதியியல் ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரநிலையின் 2017 பதிப்பும் இதையே விதியாக்கியிருக்கிறது: பதிவு திருத்தப்பட்டால் பழைய தரவும் புதிய தரவும் இரண்டும் வைக்கப்பட வேண்டும், திருத்திய தேதியும் திருத்தியவரும் தெரிய வேண்டும். ஆய்வகம் வணிக, நிதி அழுத்தங்களால் தன் நடுநிலையை இழக்கக் கூடாது என்பதும் அதே தரநிலையில் உண்டு. உங்கள் ஆய்வகம், ஆய்வகங்களின் தரத்தைச் சோதிக்கும் தேசிய வாரியமான என்ஏபிஎல்-இன் அங்கீகாரம் பெற்றதாக இருந்தால், தர மேலாளர் என்ற பொறுப்பில் ஒருவர் இருப்பார். அவரிடம் இந்த விதியைச் சொல்லிக் கேட்பது புகார் ஆகாது, வழக்கமான வேலையே.

ஆகவே, இன்றே செய்ய வேண்டியது இதுதான். பதிவேட்டையோ கருவியின் கோப்புகளையோ வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள், பென்டிரைவில் நகலெடுக்காதீர்கள். அவை ஆய்வகத்தின் உடைமை, அந்த ஒரு செயலே உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடும். அதற்குப் பதிலாக, மே மாதப் பக்கங்களில் தேதி, கிணற்று எண், கருவிக் கோப்பின் பெயர் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து, விடுபட்ட சாட்சிக் கையொப்பங்களை இன்றைய தேதியிட்டே வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னதைப் பதிவேட்டில் ஒரு வரியில் குறியுங்கள். பிறகு திட்டத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "ஐயா, மே மாத மாதிரிகளில் இன்ன கிணறுகளின் குரோமியம் அளவை இறுதி அட்டவணையிலிருந்து நீக்குமாறு கூறினீர்கள். எந்த அளவுகோலின்படி அவை விலக்கப்படுகின்றன என்று தெரிவித்தால், ஆய்வு முறை பற்றிய பகுதியில் அதை எழுதிவிடுகிறேன். வெற்று மாதிரி, இரட்டை மாதிரி, ஒப்பீட்டுப் பொருள் ஆகியவற்றின் முடிவுகளை இணைத்துள்ளேன்" என்ற அளவில் இருந்தால் போதும். குற்றச்சாட்டோ கோபமோ அதில் ஒரு சொல்லிலும் வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேட்டவுடனேயே, வாய்வழி உத்தரவுகள் பல அமைதியாகத் திரும்பப் பெறப்படுவதைப் பணிக்காலத்தில் நான் பார்த்திருக்கிறேன். இரு பருவ எண்களையும் பக்கம் பக்கமாகக் காட்டும் ஒரு மாற்று அட்டவணையையும் அந்த மின்னஞ்சலோடு இணைத்தால், திட்டத் தலைவர் மரியாதை கெடாமல் ஏற்றுக்கொள்ள ஒரு வழி கிடைக்கும்.

அப்படியும் நீக்கத்தான் வேண்டும் என்றால், அறிக்கையில் உங்கள் பெயர் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். ஆய்வகத்தின் அறநெறிக் குழுவுக்கும் இயக்குநருக்கும் அந்த மின்னஞ்சல் தொடரை அனுப்புங்கள். இதில் பணமோ யாருக்கேனும் சலுகையோ கலந்திருக்கிறது என்பதற்கு ஆதாரம் இருந்தால் மட்டும், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தை அணுகலாம். நெடுஞ்சாலைத் திட்ட ஊழலை அம்பலப்படுத்திய பொறியாளர் சத்யேந்திர துபே கொல்லப்பட்டதைத் தொடர்ந்து 2004-இல் பிறந்த பொதுநலத் தகவல் வெளியீட்டுத் தீர்மானத்தின்படி, மூடி ஒட்டிய உறையில் அதற்குரிய குறிப்பை எழுதி அனுப்பும் புகாரில் பெயரை ஆணையம் வெளியிடாது. பெயரில்லாத புகாரை இத்தீர்மானத்தின் கீழ் எடுத்துக்கொள்ளவும் செய்யாது.

சான்றிதழ் பற்றிய உங்கள் பயத்தை நான் சிறிதாக்கிச் சொல்லப் போவதில்லை. தகவல் வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2014-இல் ஒப்புதல் பெற்றும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. ஆய்வு முறைகேடுகளை விசாரிக்கச் சட்டப்படி அமைந்த, ஆய்வகங்களுக்கு வெளியே நிற்கும் தேசிய அமைப்பு எதுவும் நம்மிடம் இல்லை. ஆய்வகமே தன்னை விசாரித்துக்கொள்கிறது. கருவியைத் தொடுபவர்கள் ஆண்டுக்காண்டு பணி நீட்டிப்புக்குக் காத்திருக்கும் ஒப்பந்தப் பணியாளர்களாக இருக்கும்போது, அறநெறி வழிகாட்டியின் சுமை முழுவதும் அவர்கள் தோளில் விழுகிறது, பாதுகாப்பு மட்டும் நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்குக் கிடைக்கிறது. இது பெரும் அநீதி என்றே கருதுகிறேன். கண்காணிப்பில் அக்கறை உள்ள அரசு முதலில் சீர்செய்ய வேண்டிய இடம் இதுவே. உங்கள் அளவில், பணி ஆணையின் நகல், சம்பளச் சீட்டுகள், ஆண்டு மதிப்பீடு ஆகியவற்றை இப்போதே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலையை நேரில் அறிந்த வேறொரு விஞ்ஞானியிடம் பரிந்துரைக் கடிதத்துக்கும் இப்போதே கேட்டுவையுங்கள்.

பத்திரிகைக்கு இப்போது செல்ல வேண்டாம். உங்கள் பணி ஆணையில் இரகசியக் காப்புப் பிரிவு இருக்கக்கூடும். உள்ளே கேட்டுப் பதில் வராத நிலையில் பேசுவதற்கும், கேட்காமலே பேசுவதற்கும் பின்னாளில் பெரிய வேறுபாடு உண்டு. ஆனால் உங்கள் பெரியம்மா வீட்டுத் தெருவின் தண்ணீர் எந்த அமைச்சகத்தின் இரகசியமும் அன்று. அந்தக் கிணற்று நீரை அங்குள்ள யார் வேண்டுமானாலும் சேலத்தில் உள்ள தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ, என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்திலோ கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். குரோமியத்தையும் சேர்த்து அளக்கும்படி எழுதிக் கேட்க வேண்டும், ஏனெனில் வழக்கமான குடிநீர்ச் சோதனைப் பட்டியலில் அது விடுபட்டுப் போகக்கூடும். நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம். அறிக்கை அமைச்சகத்துக்குச் சென்ற பிறகு, ஊர்க்காரர் எவரும் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் நகலைக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். அச்சட்டத்தின் 2(ஜே) பிரிவு, ஆவணங்களோடு பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளைப் பெறும் உரிமையையும் தருகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அவசரமான ஒன்று மிச்சமிருக்கிறது. நைட்ரிக் அமிலமிட்டு பிஎச் (pH) மதிப்பு 2-க்குக் கீழே வைக்கப்பட்ட மாதிரிகளில் உலோகங்களை ஆறு மாதம் வரை அளக்கலாம் என்பது ஏற்கப்பட்ட வரம்பு. மே நடுவில் எடுத்த உங்கள் பாட்டில்களுக்கு நவம்பர் நடுவோடு அந்தக் காலம் முடிகிறது. அதன்பிறகு எவர் அளந்தாலும், மாதிரி பழையது என்று ஒதுக்கிவிட முடியும். எனவே, திட்டத் தலைவருக்கு அனுப்பும் அந்த மின்னஞ்சலிலேயே, மே மாத பாட்டில்களை அப்புறப்படுத்தாமல் வைக்கவும், ஒப்பீட்டுப் பொருளோடு சேர்த்து வேறொரு பகுப்பாய்வாளர் கையால் நவம்பர் முதல் வாரத்துக்குள் மறுபடி அளக்கவும் அனுமதி கேளுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால், மறுத்தவர் பெயரையும் தேதியையும் பதிவேட்டில் எழுதி, தர மேலாளருக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.